அந்த ஒரு வரியை மாற்றுங்கள்: உயிரியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் உயிரியல் கற்பிப்பவன். நீங்கள் எழுதுவதை வகுப்பில் உரக்கப் படித்து, கரும்பலகையில் வரைந்து விளக்கி, பிறகு அதிலிருந்தே வினாத்தாளும் தயாரிப்பவன். உங்கள் வரிகளோடு எனக்கு நெடுநாள் பழக்கம். அந்த உரிமையில், ஒரே ஒரு வரியைப் பற்றி எழுதுகிறேன்.

மனித இனப்பெருக்கப் பாடத்தில், விந்தணு கருமுட்டைக்குள் நுழையும் படத்துக்குக் கீழே அந்த வரி இருக்கிறது. நான் கையாண்ட புத்தகங்களில் சொற்கள் சற்று மாறலாம், பொருள் மாறுவதில்லை: "இந்தக் கணத்தில் ஒரு புதிய உயிர் தொடங்குகிறது." மாணவர்கள் அடிக்கோடிடுவார்கள். தேர்வில் அப்படியே எழுதுவார்கள். நானும் மதிப்பெண் போடுவேன்.

ஒருமுறை அந்த வரியைப் படித்து முடித்ததும் ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, அந்தக் கணத்தில் தொடங்கியது நானா? எனக்கு நான் இருக்கிறேன் என்று தெரியுமே, அதுவும் அப்போதே தொடங்கிவிட்டதா?" என்று கேட்டாள். அது பாடத்தில் இல்லை என்று சொல்லி உட்கார வைத்தேன். அன்று மாலையே அந்தப் பதிலை நினைத்து வெட்கப்பட்டேன். அவள் கேட்டது பாடத்தின் நடுமையத்தில் இருக்கும் கேள்வி. அதை மூடி வைத்திருப்பது உங்கள் வரி; மூடியைத் திறக்காமல் விட்டது நான்.

முதலில் 'தொடங்குகிறது' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். விந்தணு உயிருள்ள செல். கருமுட்டையும் உயிருள்ள செல். உயிரற்ற எதிலிருந்தும் அங்கே உயிர் பிறக்கவில்லை. அந்தக் கருமுட்டைக்குப் பின்னால் இருக்கும் கதை எந்தக் கற்பனையையும் விஞ்சக்கூடியது. ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் கருவாக இருக்கும்போதே அவளுடைய சினைப்பையில் கருமுட்டைக்கான செல்கள் உருவாகிவிடுகின்றன. அவை குரோமோசோம்களைப் பாதியாக்கும் குன்றல் பிரிவைத் தொடங்கி, பாதியில் நின்று, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றன. என்னை உருவாக்கிய கருமுட்டையின் மூல செல், என் தாய் பிறக்கும் முன்பே, என் பாட்டியின் வயிற்றுக்குள் இருந்தது. இதைச் சொன்னால் வகுப்பே ஒரு கணம் அமைதியாகிவிடும், பலமுறை பார்த்திருக்கிறேன். 350 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக எங்கேயும் அறுபடாமல் வரும் சங்கிலி அது. அதில் ஒரு கண்ணியைத் தொட்டு 'இங்கே உயிர் தொடங்குகிறது' என்று சொன்னால், அதற்கு முந்தைய கண்ணிகள் எல்லாம் என்னவென்று மாணவன் கேட்கமாட்டானா?

கருவுறுதலில் ஒன்றுமே தொடங்கவில்லை என்று நான் சொல்லவில்லை. தொடங்குகிறது: அதுவரை உலகில் இல்லாத ஒரு மரபணுச் சேர்க்கை. அது மகத்தானது, அதை அந்தப் பெயரிலேயே சொல்லுங்கள். அதுவும்கூட 'கணத்தில்' நடப்பதில்லை. விந்தணு நுழைந்த பிறகுதான் கருமுட்டை தன் நெடுங்காலக் குன்றல் பிரிவையே முடிக்கிறது. தந்தையின் உட்கருவும் தாயின் உட்கருவும் தனித்தனியாக உருக்கொண்டு, மெல்ல நெருங்கி, முதல் செல் பிரிவின்போதுதான் குரோமோசோம்கள் ஒன்றாக அணிவகுக்கின்றன. இதற்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. அதற்குப் பிறகும் கருவின் சொந்த மரபணுக்கள் உடனே வேலை தொடங்குவதில்லை. தாய் கருமுட்டைக்குள் சேர்த்து வைத்த கட்டளைகளைக் கொண்டே முதல் நாட்கள் நகர்கின்றன. நான்கு, எட்டு செல்களாகும் கட்டத்தில், சுமார் மூன்றாம் நாளில்தான் கருவின் மரபணுக்கள் பெருமளவில் விழித்துக்கொள்கின்றன. ஆக நீங்கள் எழுதும் அந்தக் கணம் இவற்றில் எது?

அடுத்தது 'ஒரு' என்ற சொல். சுமார் 14 நாள் வரை அந்தக் கரு இரண்டாகப் பிரிந்து ஒரே உருவ இரட்டையர்களாகலாம். அரிதாக, தனித்தனியாகக் கருவுற்ற இரண்டு கருக்கள் இணைந்து ஒரே மனிதராகப் பிறப்பதும் உண்டு. அவர் உடலில் இரு வேறு மரபணுத் தொகுதிகள் அருகருகே வாழ்கின்றன. முதல் கதையில் ஒருவர் இருவரானார். இரண்டாவது கதையில் இருவர் ஒருவரானார்கள். இதனால்தான் பிரிட்டனில் மெய்யியலாளர் மேரி வார்னாக் தலைமையிலான குழு 1984ஆம் ஆண்டு அறிக்கையில், ஆய்வகத்தில் கருவை 14 நாட்களுக்கு மேல் வளர்க்கக்கூடாது என்று பரிந்துரைத்தது. உடலின் தலை எது, வால் எது என்பதைக் காட்டும் மெல்லிய வரி கருவில் தோன்றும் காலம் அது. 1990இல் அது அங்கே சட்டமானது. பல நாடுகள் அதைப் பின்பற்றின. 14ஆம் நாளில் உயிர் வருகிறது என்று அந்தக் குழு சொல்லவில்லை. எங்கேயாவது ஒரு கோடு வேண்டும், காரணம் சொல்லக்கூடிய இடத்தில் அது இருக்கட்டும் என்று அவர்கள் நேர்மையாக ஒரு முடிவெடுத்தார்கள். கோடு கிழிப்பதையும் கண்டுபிடிப்பதையும் அவர்கள் குழப்பிக்கொள்ளவில்லை. உங்கள் வரி குழப்புகிறது.

2023இல் விந்தணுவும் கருமுட்டையும் இல்லாமல், பலவகைச் செல்களாக மாறக்கூடிய குருத்தணுக்களிலிருந்தே 14 நாள் மனிதக் கருவை ஒத்த ஓர் அமைப்பை ஆய்வாளர்கள் உருவாக்கிக் காட்டினார்கள். அது குழந்தையாக வளரக்கூடியது அல்ல. ஆனாலும் உங்கள் படத்தில் இருக்கும் அந்தச் சந்திப்பே அங்கே நிகழவில்லை. இன்று பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை ஆய்வகத்துக்குள் நுழையும் காலத்தில் அந்த ஒரு வரி அவளுக்கு எப்படி உதவும்?

இதயத் துடிப்பைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. கருவுற்று சுமார் 22 நாளில் இதயக் குழாய் துடிக்கத் தொடங்குகிறது. இதயத் தசைச் செல்கள் கண்ணாடித் தட்டில் தனியாக வளர்த்தாலும் துடிக்கும். கேட்பவருக்கு நெஞ்சு நெகிழும் ஒலிதான்; ஆனால் உள்ளே யாரோ அதை உணர்கிறார் என்பதற்கு அது சான்று ஆகாது.

உணர்வு எப்போது? இங்கேதான் உங்கள் புத்தகம் மௌனமாகிவிடுகிறது. இங்கேதான் ஒரு வரிக்குப் பதில் இரண்டு பக்கம் தேவைப்படுகிறது.

தோலிலிருந்து வரும் செய்திகளை மூளையின் வெளி அடுக்கான பெருமூளைப் புறணிக்குக் கொண்டு சேர்க்கும் வழி, மூளையின் நடுவே இருக்கும் தலாமஸ் வழியாகச் செல்கிறது. அந்த இணைப்புகள் சுமார் 24ஆவது வாரத்தை ஒட்டிப் புறணியை எட்டுகின்றன. (இந்த வாரங்கள் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணப்படுபவை. கருவுற்ற நாளிலிருந்து எண்ணினால் இரண்டு வாரம் குறையும். இந்த வேறுபாட்டையாவது அடிக்குறிப்பாகப் போடுங்கள். இதைச் சொல்லாததால் எத்தனையோ விவாதங்கள் வீணாகின்றன.) பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களின் அரச கல்லூரி 2010இல் இந்த அடிப்படையில்தான் 24 வாரத்துக்கு முன் கருவால் வலியை உணர முடியாது என்ற முடிவுக்கு வந்தது. 2022இல் மீண்டும் ஆராய்ந்து, 28 வாரத்துக்கு முன்பும் அது நிகழ வாய்ப்புக் குறைவு என்றது. ஆனால் 2020இல் ஸ்டூவர்ட் டார்பிஷயரும் ஜான் பாக்மனும் எழுதிய கட்டுரை வேறு திசையில் சென்றது. புறணி முழுமையாக இணையும் முன்பே, ஒருவேளை 12 வாரத்திலிருந்தே, பக்குவப்படாத ஒருவகை வலி இருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள். இதில் டார்பிஷயர் அதற்கு முன்பு பல ஆண்டுகள் கருவுக்கு வலி இல்லை என்று வாதிட்டவர். கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவர். சான்றுகளைப் பார்த்துத் தன் எண்ணத்தைத் திருத்திக்கொண்டார். அவருடைய முடிவை ஏற்காதவர்கள் பலர். ஆனால் அறிவியல் எப்படி நடக்கிறது என்பதைக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அடுத்து நான் எழுதுவதை நீங்கள் கட்டாயம் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று மன்றாடுகிறேன்.

1980களின் நடுப்பகுதி வரை, மருத்துவத்தில் முன்னேறிய நாடுகளிலேயே, பிறந்த குழந்தைகளுக்கு, குறிப்பாகக் குறைமாதக் குழந்தைகளுக்கு, மிகக் குறைந்த மயக்க மருந்துடனும் சில வேளை வலி நீக்கும் மருந்தே இல்லாமலும் அறுவை சிகிச்சைகள் நடந்தன. அசையாமல் இருப்பதற்குத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து கொடுக்கப்பட்டது. அழக்கூட முடியாத நிலையில் அந்தச் சிறு உடல்கள் கத்தியைத் தாங்கின. செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர். மயக்க மருந்து அந்தப் பிஞ்சு உடலுக்கு ஆபத்து என்று உண்மையிலேயே அஞ்சினார்கள். கூடவே ஒரு நம்பிக்கையும் இருந்தது: குழந்தையின் மூளை பக்குவப்படவில்லை, அதற்கு 'தான்' என்ற எண்ணம் இல்லை, நடந்தது நினைவிலும் நிற்காது, ஆகவே அது வலி ஆகாது.

1987இல் கன்வல்ஜீத் ஆனந்த் என்ற மருத்துவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் குறைமாதக் குழந்தைகளின் இதய அருகு அறுவை சிகிச்சைகளை ஆராய்ந்தார்கள். ஃபென்டனில் என்ற வலி நீக்கி கொடுக்கப்பட்ட குழந்தைகளின் இரத்தத்தில், உடல் நெருக்கடியில் சுரக்கும் ஹார்மோன்கள் குறைவாக இருந்தன. அறுவைக்குப் பின் சிக்கல்களும் குறைவாக இருந்தன. அதே ஆண்டு ஆனந்தும் பால் ஹிக்கியும் எழுதிய ஆய்வுரை, பிறந்த குழந்தைக்கும் வலி உண்டு என்பதற்கான சான்றுகளை ஒன்று திரட்டியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் அந்த ஆண்டே, பச்சிளங்குழந்தைகளுக்கும் மயக்க மருந்து தரப்பட வேண்டும் என்று அறிவித்தது. அதற்குள் எத்தனை குழந்தைகள்!

அந்தத் தவறு எங்கே பிறந்தது? தெரியாமையில் மட்டும் பிறக்கவில்லை. நினைவும், தன்னுணர்வும், வலியும் ஒரே பொருள் என்று எண்ணியதில் பிறந்தது. ஒன்று இல்லையென்றால் மற்றதும் இல்லை என்று முடிவு கட்டியதில் பிறந்தது. கேள்விகளைப் பிரித்துப் பார்க்கப் பள்ளியிலேயே பழகாத ஒரு தலைமுறை, கையில் கத்தியோடு நின்றபோது அவற்றைப் பிரித்துப் பார்க்கவில்லை. என் மாணவர்களில் சிலர் மருத்துவர்களாவார்கள். என் அவசரம் உங்களுக்குப் புரியும் என்று நம்புகிறேன்.

இனி, அந்த மாணவி கேட்ட 'நான்'.

பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தையின் கன்னத்தை வேறொருவர் விரலால் தொட்டால், அது வாயைத் திறந்து அந்தப் பக்கம் திரும்புகிறது. அதன் சொந்தக் கையே கன்னத்தில் பட்டால் அவ்வளவாகத் திரும்புவதில்லை. ஃபிலிப் ரோஷாவும் சூசன் ஹெஸ்போஸும் 1997இல் இதை அளந்து, வெளித்தொடுதலுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் திரும்புகிறது என்று கண்டார்கள். தன் கை எது, பிறர் கை எது என்பதை உடல் அப்போதே வேறுபடுத்துகிறது. இதைத் தன்னுணர்வு என்று சொல்லலாமா? 'நான்' என்ற எண்ணம் அங்கே இல்லை. ஆனால் 'நான்' பின்னால் வந்து உட்காரப் போகும் இடம் தயாராகிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தக் குழந்தை வெற்றுப் பலகையாகவும் வருவதில்லை. மூன்று நாளுக்குள்ளான குழந்தைகள், தாயின் குரல் ஒலிக்க வேண்டும் என்பதற்காகத் தாங்கள் சப்பும் வேகத்தையே மாற்றிக்கொள்வதை 1980இல் டெகாஸ்பரும் ஃபைஃபரும் காட்டினார்கள். வயிற்றுக்குள் கேட்ட குரலை அவை அடையாளம் கண்டன.

பிறகு நெடும் பயணம். ஏதோ ஒன்றைப் பார்த்தோம் என்று பெரியவர்கள் உணரும்போது மூளையில் எழும் மின் அலைக்கு ஒப்பான ஓர் அலை, ஐந்து மாதக் குழந்தையிடமும் எழுகிறது; மெதுவாக, தாமதமாக. 2013இல் சிட் கூய்டர் குழுவினர் அதைப் பதிவு செய்தார்கள். கண்ணாடிச் சோதனை உங்களுக்குத் தெரிந்ததே. முகத்தில் தெரியாமல் ஒரு வண்ணப் பொட்டை வைத்துக் கண்ணாடி முன் நிறுத்தினால், குழந்தை கண்ணாடியைத் தொடுகிறதா, தன் முகத்தைத் தொடுகிறதா? பியூலா ஆம்ஸ்டர்டாம் 1972இல் வெளியிட்ட ஆய்வின்படி, இருபது மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் பெரும்பாலான குழந்தைகள் தன் முகத்தைத் தொடுகிறார்கள். ஆனால் கென்யாவில் நடந்த பின்னாளைய ஆய்வு ஒன்றில், அதைவிடப் பெரிய குழந்தைகளில்கூட மிகச் சிலரே முகத்தைத் தொட்டார்கள். மற்றவர்கள் அசையாமல் நின்று பார்த்தார்கள். அவர்களுக்குத் தன்னுணர்வு இல்லையா? அபத்தம். ஒரு சோதனை எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்ற பாடம் அது.

எனக்கு மிகவும் பிடித்தது டேனியல் பொவினெல்லி 1996இல் வெளியிட்ட சோதனை. விளையாடும்போது குழந்தையின் தலையில் இரகசியமாக ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, சில நிமிடம் கழித்து அந்தக் காட்சியைத் திரையில் காட்டினார்கள். நான்கு வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் உடனே தலைக்குக் கையைக் கொண்டுபோனார்கள். மூன்று வயதுக் குழந்தைகளில் பலர் அப்படிச் செய்யவில்லை. திரையில் இருப்பது யார் என்று கேட்டால் சரியாகத் தன் பெயரைச் சொன்னார்கள். ஒரு சிறுமி தன் பெயரைச் சொல்லிவிட்டு, "அவள் ஏன் என் சட்டையைப் போட்டிருக்கிறாள்?" என்று கேட்டாளாம். கண்ணாடியில் இந்த நொடி தெரியும் முகம் நான். சற்று முன்பு இருந்தவளும் நான்தான் என்பது அந்தச் சிறுமிக்கு இன்னும் கைகூடவில்லை. நமக்கு நினைவிருக்கும் முதல் நிகழ்ச்சிகளும் பெரும்பாலும் மூன்று, மூன்றரை வயதை ஒட்டியவையாக இருப்பது இதோடு தொடர்பில்லாததாக எனக்குத் தோன்றவில்லை.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையை ஒரே நாளில் முழுமையாக்கிவிடவில்லை. ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி என்று பருவம் பருவமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியே நின்று பாடினார்கள். அந்தப் பொறுமை நம் பாடநூலுக்கு வேண்டும்.

இது சர்ச்சைக்குரிய இடம், ஒரு வரியோடு கடந்துவிடுவதே பாதுகாப்பு என்று உங்கள் கூட்டத்தில் யாரேனும் சொல்லக்கூடும். அந்த ஒரு வரி பாதுகாப்பானதும் அல்ல, நடுநிலையானதும் அல்ல. ஆன்மா எப்போது சேர்கிறது என்பதற்கு அரிஸ்டாட்டில் வழிவந்த மரபு ஆணுக்கு நாற்பதாம் நாள் என்றும் பெண்ணுக்குத் தொண்ணூறாம் நாள் என்றும் சொன்னது. இசுலாமிய மரபில் 120 நாள் என்ற கணக்கு உண்டு. கர்ப்ப உபநிடதம் ஏழாம் மாதத்தைச் சொல்கிறது. கருவுறும்போதே என்று நம்புவோரும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். இவை நம்பிக்கைகள், தம்மை அப்படியே அறிவித்துக்கொள்கின்றன. உங்கள் வரியோ இவற்றில் ஒன்றை எடுத்து, நுண்ணோக்கிப் படத்துக்குக் கீழே வைத்து, அறிவியல் என்று மதிப்பெண் தருகிறது. மறுபக்கம் 'வெறும் செல் குவியல்' என்று எழுதும் புத்தகங்களும் அதே பிழையைத்தான் செய்கின்றன. அந்த 'வெறும்' எந்த நுண்ணோக்கியிலும் தெரிந்ததல்ல.

கருச்சிதைவில் ஒரு பிள்ளையை இழந்த வீட்டிலிருந்து வரும் மாணவர்களும் என் வகுப்பில் இருப்பார்கள். கருவுற்றவற்றில் பிறப்பு வரை வராமல் போவது 40 முதல் 60 விழுக்காடு வரை இருக்கலாம் என்ற மதிப்பீடு உண்டு. பெரும்பாலானவை யாரும் அறியாமலே போய்விடுகின்றன. இதையும் சொல்லுங்கள். அந்தத் தாய் செய்த தவறு எதுவும் இல்லை என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியட்டும். அவள் துயரத்துக்கு உங்கள் வரியின் அனுமதி தேவையில்லை. அதை மறுக்க எந்த வரிக்கும் உரிமையும் இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். "இந்தக் கணத்தில் ஒரு புதிய உயிர் தொடங்குகிறது" என்பதை நீக்கிவிட்டு, "கருவுறுதலில், சுமார் ஒரு நாள் நீளும் நிகழ்வுகளின் வழியே, ஒரு புதிய மரபணுச் சேர்க்கை உருவாகிறது" என்று எழுதுங்கள். அதை அடுத்து, தனி ஒருவராவது எப்போது, வலி எப்போது, 'நான்' எப்போது என்று மூன்று தனித்தனிக் கேள்விகளை வையுங்கள். தெரிந்ததைத் தெரிந்தபடியும், ஆய்வாளர்கள் முரண்படும் இடத்தை முரண்பாடாகவும் எழுதுங்கள். 1987ஐ விட்டுவிடாதீர்கள். மனிதரை எப்போது காக்கத் தொடங்க வேண்டும் என்பது இவற்றோடு சேர்த்துச் சிந்திக்க வேண்டிய நான்காவது கேள்வி. அதற்குச் செல்லைப் பார்த்து மட்டும் விடை சொல்ல முடியாது என்று ஒரு வரி எழுதினால் போதும். மீதியை வகுப்பில் பேசிக்கொள்கிறோம்.

அடுத்த மாதம் அந்தப் பாடம் மீண்டும் வருகிறது. இம்முறை படத்துக்குக் கீழே இருக்கும் வரியைப் படிக்கும் முன் நிறுத்திவிட்டு, அன்று நான் உட்கார வைத்த மாணவியின் கேள்வியைக் கரும்பலகையில் எழுதப் போகிறேன். உங்கள் பதில் அதற்குள் வந்தால் அதையும் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவேன்.

அன்புடன்,
ஓர் உயிரியல் ஆசிரியர்